ரத்தக்குழாய் நீலமாக இருந்தது

என்னிடம் இருபத்தாறு நோட்டுகள் இருக்கின்றன, ஆண்டுக்கு ஒன்று. அம்பத்தூர் ஆய்வகத்தில் நான் பார்த்த ஒவ்வொரு கேஸுக்கும் அவற்றில் இரண்டு வரிகள் உண்டு. முதல் வரி, என்ன பார்த்தேன். இரண்டாவது வரி, பார்க்கும்போது என்ன உறுத்தியது. பெயர் எழுதமாட்டேன், எண் மட்டும். இரண்டாவது வரி பெரும்பாலான நாட்களில் காலியாகத்தான் இருக்கும்.

நான் விருப்ப ஓய்வில் கிளம்பிய அன்று, புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "லிம்ஃபோமாவில எதை மறக்கவே கூடாது மேடம்?" என்று கேட்டீர்கள். கேக் வெட்டும் அவசரத்தில், "எதையுமே மறக்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அது பதில் இல்லை. கொரட்டூர் வீட்டில் இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. சரியான பதிலை எழுதிவிடுகிறேன்.

இது ஒரு கேஸைப் பற்றியது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் வைத்திருப்பது என் தவறை மட்டும்தான்.

உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்காகச் சில வரிகள். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால், சில சமயம் அதை வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதைக் கெடாமல் பதப்படுத்த ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் போட்டுப் பார்த்து, நோய்க்குப் பெயர் சொல்வது எங்கள் வேலை. லிம்ஃபோமா என்ற நெறிக்கட்டுப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. பெரிய குடும்பம் அது. சில வகைகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். மருந்தே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லுவார். சில வகைகள் காத்திருக்காது. இரண்டும் மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி போல இருக்கும். பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் முகம் தெரியாத நாங்கள்.

பட்டாபிராம் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து அந்தத் துண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆண், கழுத்துக் கட்டி. எலுமிச்சை அளவு முடிச்சை வெட்டாமல் முழுசாக, வாய் குறுகிய பாட்டிலுக்குள் எப்படியோ திணித்து அனுப்பியிருந்தார்கள். ஃபார்மலின் மேலே கொஞ்சம் நின்றதே தவிர, சுற்றி ஓட இடமே இல்லை. நம் டெக்னீஷியன் தனசேகரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர், எனக்கு ஒரு வயது மூத்தவர். பாட்டிலை உடைத்துத்தான் அதை வெளியே எடுத்தார். நான் கத்தியை வைத்து நடுவில் பிளந்தேன். விளிம்பு வெளுத்து இறுகியிருந்தது. நடுப்பகுதி ஃபார்மலின் ஏறாமல், பச்சை இறைச்சி போல இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"மேடம், நடுவுல பச்சையா கீது. ஒரு நாள் ஊறட்டுமே" என்றார் தனசேகர்.

"அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து காலைலேர்ந்து ரெண்டு தடவை கேட்டாச்சு தனசேகர். பரவால்ல, போடுங்க."

"நான் சொல்லிட்டேன். அப்பால என்னாண்ட கேக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். நடுப்பகுதியிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மீதியை டப்பாவில் ஃபார்மலின் ஊற்றி அலமாரியில் வைத்தார். அன்று மாலை என் வழக்கப்படி நோட்டில் எழுதினேன். இரண்டாவது வரி: "நடு பச்சை. த. சொன்னார்." எழுதியதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன். எழுதி வைப்பவர்களுக்கு உள்ள வியாதி இது. தாளில் இறக்கி வைத்ததும் மனசிலிருந்து இறங்கிவிடும்.

ஸ்லைடில் சின்னச் சின்ன செல்கள், எல்லாம் ஒரே அச்சு. பி செல் வகை. சிடி5 என்ற சாயமும் பிடித்தது. அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று சிறு லிம்ஃபோசைட் லிம்ஃபோமா, மெல்ல நகர்வது. இன்னொன்று மேன்டில் செல் லிம்ஃபோமா, பொதுவாகக் காத்திருக்காதது. எந்தப் பாதை என்று காட்டுவது சைக்ளின் டி1 என்ற சாயம். மேன்டில் என்றால் செல்களின் உட்கரு பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே இருக்கும்.

நீலமாகவே இருந்தது. சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடவே ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு போடுவோம் இல்லையா? அது அழகான பழுப்பு. சிடி23 என்ற இன்னொரு சாயம் அங்கங்கே லேசாகப் பிடித்திருந்தது. அதுவும் மெல்ல நகரும் வகையின் பக்கம்தான் சாய்ந்தது. சிறு லிம்ஃபோசைட் லிம்ஃபோமா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கொண்டு போயிருந்தேன் என்பது வரை நோட்டில் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, ஆய்வகக் கதவுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். கையில் துணிப்பை. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஆவடியில் ராணுவத் துறைத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை என்றார். பெயர் வேலாயுதம்.

"மேடம், ரிப்போர்ட்ல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு. கேன்சர் டாக்டர் பாத்துட்டு, இது மெதுவான வகை, இப்போதைக்கு மருந்தே வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாரு. வீட்ல அவ அன்னைக்குத்தான் சரியா தூங்கினா. உங்களுக்கு ஒரு நன்றி சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன்."

பையில் கொய்யாப்பழம். குவாட்டர்ஸ் மரத்தில் காய்த்தது.

"நாளைக்குக் காலைல ரயில். பொண்ணு புவனேஸ்வர்ல இருக்கா, தலைப்பிரசவம். மூணு மாசம் அங்கதான். லீவெல்லாம் எழுதிக் குடுத்துட்டேன்."

இத்தனை ஆண்டுகளில் என்னைத் தேடி வந்து நன்றி சொன்ன முதல் நோயாளி அவர். அறுவை செய்தவருக்கு நன்றி வரும், மருந்து கொடுத்தவருக்கு வரும். நமக்கு வருவது "ரிப்போர்ட் எப்ப கிடைக்கும்?" என்ற போன் மட்டும்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "குழந்தை பிறந்ததும் சொல்லுங்க" என்றேன். அவர் படியிறங்கிப் போகிறவரை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

இந்தச் சந்தோஷத்தை அந்தக் கேஸுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. நோட்டை எடுத்து, எண்ணைத் தேடிப் புரட்டினேன். அப்போதுதான் என் கையெழுத்திலேயே அந்த வரி.

நடு பச்சை. த. சொன்னார்.

ஃபார்மலின் ஏறாத திசுவில் சாயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இது எனக்குத் தெரியாததல்ல. நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஸ்லைடு அலமாரியைத் திறந்து அந்த சைக்ளின் டி1 ஸ்லைடை எடுத்து வைத்தேன். இந்த முறை நோய் செல்களைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு நடுவே ஓடும் சின்ன ரத்தக்குழாய்களைத் தேடினேன். குழாய்ச் சுவரில் இருக்கும் செல்கள் இந்தச் சாயத்தை எப்போதும் கொஞ்சமாவது வாங்கும். யாருடைய உடம்பானாலும், எந்த நோயானாலும், அங்கங்கே பழுப்புப் புள்ளி இருந்தே தீர வேண்டும்.

ஒரு குழாய் பார்த்தேன். நீலம். அடுத்தது, நீலம். பத்துப் பன்னிரண்டு குழாய்கள் பார்த்திருப்பேன்.

"தனசேகர், கொஞ்சம் வந்து பாருங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார். கொஞ்ச நேரம் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"இன்னா மேடம், குழா அல்லாம் நீலமா கீது."

"கன்ட்ரோல் நல்லா இருந்துதே?"

"கன்ட்ரோல் வேற ஒர்த்தர் உடம்பு மேடம். அது சோக்கா பேசிகீது. நம்ம துண்டு ஊமையாட்டம் குந்திகினு இருந்திருக்குது. நாம அது 'இல்ல'ன்னு தலையாட்டுதுன்னு நெனச்சுகினோம்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. சாயம் "இல்லை" என்று சொல்வது வேறு, சாயம் எதுவுமே சொல்லாமல் இருப்பது வேறு. பார்க்க இரண்டும் ஒரே நீலம்.

மணி நாலரை. டப்பாவில் மீதித் துண்டு இருந்தது. மூன்று வாரத்தில் நன்றாக ஊறியிருக்கும். அன்றே எடுத்துப் பதித்து, மறுநாள் சீவிச் சாயம் போட்டால் மாலைக்குள் தெரிந்துவிடும். ஆனால் ரயில் மறுநாள் காலை.

தனசேகர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. "நாளைக்கு சாயங்காலம் தெரிஞ்சிடும் மேடம். அதுக்குள்ள ஏன் அந்தாள பயமுறுத்திகினு? கொய்யா குடுத்துட்டுப் போன மனுசன். ஒண்ணுமில்லன்னு வந்துட்டா? பொண்ணு வேற மாசமா கீது. ஏதுனா இருந்தா போன்ல சொல்லி வரவழச்சுக்கலாம்."

எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சௌகரியமாக இருந்ததனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவரைப் பயமுறுத்தக் கூடாது என்பதில் எத்தனை பங்கு அவருக்காக, எத்தனை பங்கு எனக்காக? மாலை வரை காத்திருந்து, முடிவு மாறவில்லை என்றால், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அந்த நன்றி எனக்கே இருந்துவிடும். மாறிவிட்டால், அவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரசவ வீட்டில், மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க, என் போனை எடுப்பார். எங்கே இருந்துகொண்டு இந்தச் செய்தியைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. நான் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேன்சர் டாக்டருக்குப் போன் செய்தேன். இளைஞர், பொறுமைசாலி, ஆனால் அன்று அவுட் பேஷன்ட் நாள்.

"மேடம், ரிப்போர்ட் மாறுமா, மாறாதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா நான் அவர்கிட்ட என்ன சொல்றது?"

"தெரியலன்னுதான் சொல்லணும்."

 மெதுவாகச் சொன்னார்: "மேன்டில்னா நான் அவரை மூணு மாசம் விடமாட்டேன் மேடம். ஸ்கேன்ல மண்ணீரல் கொஞ்சம் பெருசா இருந்துச்சு. நீங்களே அவர்கிட்ட பேசிடுங்களேன். என்ன தப்பாச்சுன்னு உங்களாலதான் சரியா சொல்ல முடியும்."

அவர் கைகழுவவில்லை. சரியாகத்தான் சொன்னார். ஆனால் நான் அதுவரை ஒரு நோயாளியிடம் ஒரு வார்த்தை மோசமான செய்தி சொன்னதில்லை. பதிவேட்டிலிருந்து வேலாயுதத்தின் போன் எண்ணை எடுத்து அழைத்தேன். அவர் மனைவி செண்பகம் எடுத்தார்.

"யாரு, லேப் மேடமா? வந்தவுடனே சொன்னாரு. கொய்யா இனிப்பா இருந்துதாம்மா?"

"இன்னும் சாப்பிடலம்மா. சார் இருக்காரா?"

பின்னால் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. வேலாயுதம் வந்தார். நான் தாளில் எழுதி வைத்திருந்த நாலு வாக்கியங்களை வாசிக்கிற மாதிரி சொன்னேன். துண்டு சரியாக ஊறவில்லை. ஒரு சாயம் வேலை செய்யவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மறுபடி பார்க்கிறோம், நாளை மாலை தெரியும்.

"மேடம், ரிப்போர்ட் தப்புங்கறீங்களா, சந்தேகம்ங்கறீங்களா?"

"சந்தேகம் சார். ஆனா அந்தச் சந்தேகம் மூணு வாரத்துக்கு முன்னாடியே எனக்கு வந்திருக்கணும். வராதது என் தப்பு."

"எங்க செக்‌ஷன்ல இந்த மாதிரி வந்தா மஞ்சச் சீட்டு ஒட்டுவோம் மேடம். ஓகேவும் இல்ல, ரிஜெக்டும் இல்ல. ஹோல்டு. மஞ்சச் சீட்டு ஒட்டின பெட்டி கேட்டைத் தாண்டக் கூடாது. ஜெனரல் மேனேஜரே வந்து கேட்டாலும் விடமாட்டேன்."

"சரி சார்."

"இப்ப எனக்கு ஒட்டிட்டீங்க. அப்ப நானும் தாண்டக் கூடாதுல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் போனை நகர்த்திப் பேசியது கேட்டது. "செண்பகம், நாளைக்கு நீ மட்டும் கெளம்பு. எனக்கு ஆபீஸ்ல ஒரு வேலை. ரெண்டு நாள்ல வந்துடறேன்."

"லேப்லேர்ந்து போன் வருது, ஆபீஸ்ல வேலையாம்! முப்பது வருசமாப் பொய் சொல்லக் கத்துக்கவே இல்ல நீங்க. என்னன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் போனை வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும், வைக்க முடியவில்லை. அந்த அம்மா அழவில்லை. "அப்ப நான் அவகிட்ட போறேன், நீங்க இங்க பாருங்க. ஆளுக்கு ஒண்ணு" என்றது மட்டும் காதில் விழுந்தது. பிறகு ஜிப்பை மறுபடி திறக்கும் சத்தம். அவருடைய துணிகளை வெளியே எடுத்தார்கள் போல.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதையே நினைத்துக்கொண்டு நீங்கள் மீதியைப் படிக்க வேண்டாம். மறுநாள் முடிவு மாறியது. மேன்டில் செல். அந்த வாரமே மற்றப் பரிசோதனைகள் முடிந்து சிகிச்சை தொடங்கியது. பேத்தி பிறந்தாள், முதல் மூன்று மாதம் அவளைப் போனில்தான் பார்த்தார். முடி கொட்டியதும், "இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தலை" என்று மகளுக்குப் படம் அனுப்பினாராம். நான் ஓய்வு பெறும்வரை நோய் அடங்கியிருந்தது. இனி எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆய்வகத்தில் முழு ஊறலுக்கு முன் நெறிக்கட்டியை மெழுகில் பதிக்கக் கூடாது என்று ஒரு தாள் ஒட்டினேன். இன்னும் ஒட்டியிருக்கிறது, தனசேகர் கையெழுத்தில். பட்டாபிராம் மருத்துவமனைக்கு அகல வாய் டப்பாக்கள் ஒரு பெட்டி அனுப்பி வைத்தோம். திருத்திய ரிப்போர்ட்டில், பழையது ஏன் தவறானது என்று மூன்று வரி எழுதினேன். சிலர் அது வேண்டாம் என்றார்கள். வேண்டும். அடுத்துப் படிக்கும் டாக்டருக்கு இரண்டு ரிப்போர்ட்டில் எதை நம்புவது என்று தெரிய வேண்டும்.

இனி அந்த மறுநாள்.

வேலாயுதம் மனைவியை சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டு நேராக அம்பத்தூர் வந்துவிட்டார். மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலைதான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும் மேடம். வீட்டுல சும்மா உக்கார்றதுக்கு இங்க உக்கார்றேன்" என்றார். தனசேகர் அன்று சாப்பிடவே போகவில்லை. போகிற வருகிற சாக்கில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். "டீ சொல்லட்டுமா சார்? நம்ம கட டீ கொஞ்சம் ஃபார்மலின் வாசன அடிக்கும், பயந்துக்காதீங்க." அவர் சிரித்த சத்தம் உள்ளே கேட்டது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்லைடு என் மேஜைக்கு வந்தது. ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை. நான் முதலில் குழாயைத் தேடினேன். சுவரில் பழுப்புப் புள்ளிகள், ஒழுங்காக, வரிசையாக. துண்டு பேச ஆரம்பித்திருந்தது. பிறகுதான் கண்ணை நகர்த்தினேன். சுற்றிலும் பழுப்பு. வயல் முழுக்க விதை தூவின மாதிரி.

கேன்சர் டாக்டருக்குச் சொன்னேன். "நாளைக்குக் காலைல முதல் ஆளா அனுப்புங்க மேடம். நான் பாத்துக்கறேன்னு சொல்லுங்க" என்றார். வெளியே வந்தேன். வேலாயுதம் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அதனால் அவரும் உட்கார்ந்தார்.

"மாறிடுச்சு சார். இது காத்திருக்கக் கூடாத வகை. மருந்து உண்டு. நாளைக்குக் காலைல டாக்டர் உங்களை முதல்ல பாக்கறேன்னு சொல்லியிருக்கார்."

இரண்டு பேனாவையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து, மறுபடி அங்கேயே சொருகினார். "காலைல ரயில் ஏறியிருந்தா?" என்றார்.  

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அதைச் சொல்ல எழுதி வைத்த வாக்கியம் வேறு, நீளமானது. இவ்வளவுதான் வந்தது.

"மஞ்சச் சீட்டு ஒட்டத் தெரிஞ்சவங்க கம்மி மேடம்" என்றார். பிறகு, "நான் அதைப் பாக்கலாமா?"

நோயாளியை மைக்ராஸ்கோப் முன் உட்கார வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. நான் தயங்கினேன். தனசேகர் அதற்குள் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றி, நாற்காலியைத் துடைத்துவிட்டிருந்தார். ஒரு பக்கம் வேலாயுதம், எதிர்ப்பக்கம் நான். பழக்கமில்லாதவர்கள் முதலில் தங்கள் இமைமுடியைத்தான் பார்ப்பார்கள். அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அளவுக் கருவிகளில் பழகிய கண்.

"எது சார் பாக்கணும் உங்களுக்கு? நோயைக் காட்டட்டுமா?"

"இருங்க மேடம். ஒரு பார்ட்டை அளக்கறதுக்கு முன்னாடி, அளக்கற கேஜ் சரியா இருக்கான்னு பாப்போம். அந்த ரத்தக்குழாய்னு தனசேகர் வெளிய பெஞ்சாண்ட சொன்னாரே, அது எங்க?"

அம்புக்குறியை நகர்த்திக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். 

"இந்தச் சுவர் யாருது?"

"உங்களுது சார். அதுல நோய் இல்ல. அது நல்லாத்தான் இருக்கு."

"பழுப்பா இருக்கு."

"ஆமா."

"சரி" என்றார். கண்ணை எடுக்கவில்லை. "இப்ப மத்ததக் காட்டுங்க."

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். அவர் பார்த்த வரிசையில் பாருங்கள்.

அன்றைய பக்கத்தில் அந்த எண்ணுக்கு எதிரே முதல் வரி: "மேன்டில் செல். குழாய் பழுப்பு." இரண்டாவது வரியில் உறுத்தல் எதுவும் எழுதவில்லை. "கொய்யா சாப்பிட்டேன். இனிப்பு" என்று இருக்கிறது.